பாவசங்கீர்த்தனமும் உடன்கிறித்தவர் துணையும்: ‘கொம்பெசியொனாயரு’ முதல் ‘ஒப்புரவு’ வரை

ஆய்வுச்சுருக்கம்

கத்தோலிக்கத் திருச்சபையில் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் குருவுக்கு உரியது. ஆயினும் தமிழகத்தில் குற்றவுணர்வுக்கு ஆளான ஒருவர் அம்மன்னிப்பைச் சென்றடையும் வழியில் அவருக்குத் துணைநின்றவர்கள் பெரும்பாலும் பொதுநிலையினரான உடன்கிறித்தவர்களே. கணக்கப்பிள்ளை, மொழிபெயர்ப்பாளர், வேதியர், உபதேசியார் எனக் காலந்தோறும் அவர்கள் வெவ்வேறு பெயர் பெற்றனர். 1580-இல் கொச்சியில் அச்சான ‘கொம்பெசியொனாயரு’, 1727-இல் வீரமாமுனிவர் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ ஆகிய நூல்கள் தோன்றிய சூழலையும், மன்னிப்பைக் குறித்த தமிழ்ச் சொற்களின் மாற்றத்தையும் கொண்டு இக்கட்டுரை அத்துணையின் வரலாற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாவசங்கீர்த்தனம், கொம்பெசியொனாயரு, ஹென்ரிக்கஸ், வேதியர் ஒழுக்கம், உத்தம மனஸ்தாபம், ஒப்புரவு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவத்தின் தொடக்ககால நூல்கள் அச்சு வரலாற்றிலும் உரைநடை வரலாற்றிலும் உரிய இடம் பெற்றுள்ளன. ‘தம்பிரான் வணக்கம்’ (1578) இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். தனிநாயகம் அடிகளாரும் ச. இராசமாணிக்கம் அடிகளாரும் இந்நூல்களை அறிஞருலகின் கவனத்திற்குக் கொணர்ந்தனர். எனினும் இவற்றுள் ஒன்றான ‘கொம்பெசியொனாயரு’, அச்சு எழுத்தின் சான்றாகக் கவனிக்கப்பட்ட அளவிற்கு, ஒரு மனிதர் தம் குற்றத்தைத் தமிழில் எவ்வாறு சொன்னார் என்பதற்கான சான்றாகக் கவனிக்கப்படவில்லை. இத்திசையில் ஐனஸ் ஜூபனோவ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது.

குற்றத்தைச் சொல்வதற்கு மொழி வேண்டும். கேட்பதற்கு ஆள் வேண்டும். சொன்னது வெளியே போகாது என்னும் நம்பிக்கை வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் முத்துக்குளித்துறையில் இம்மூன்றும் எளிதில் கிடைக்கவில்லை. அக்குறை எவ்வாறு ஈடுசெய்யப்பட்டது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

1. சவேரியாரும் கணக்கப்பிள்ளையும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அப்போது அவர்களுக்கு முறையான மறைக்கல்வி அளிக்கப்படவில்லை. 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த உள்ளூரார் சிலரின் துணையுடன் அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழாக்கினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இப்பணியை விவரிக்கிறது. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், இயேசு கற்பித்த செபம் ஆகியவற்றுடன் பொதுப் பாவ அறிக்கை மன்றாட்டும் தமிழாக்கப்பட்டவற்றுள் அடங்கும்.

இந்தப் பொது அறிக்கை தனிப்பட்ட குற்றம் எதனையும் பெயர் சொல்லிக் கூறுவதில்லை. ‘நான் பாவி’ என்பதை அனைவரும் ஒரே குரலில் ஏற்றுக்கொள்ளும் மன்றாட்டு அது. சவேரியார் ஓரூரில் நெடுநாள் தங்கவில்லை. அவர் சென்ற பின்னர் மக்களைக் கூட்டி மன்றாட்டுகளைச் சொல்லித்தரும் பொறுப்பு ஒவ்வோர் ஊரிலும் அமர்த்தப்பட்ட கணக்கப்பிள்ளையிடம் விடப்பட்டது. ஊர்க்கணக்கு எழுதுபவரைக் குறித்த சொல், கோயிற் பணியாளரைக் குறிக்கத் தொடங்கியது இவ்வாறே. பிறந்த குழந்தை இறக்கும் நிலையில் இருந்தால் திருமுழுக்கு அளிப்பதும் இவர் பணியாயிற்று.

ஆக, தமிழகக் கடற்கரையில் பாவ அறிக்கை முதலில் ஒரு கூட்டுக்குரலாகவே நிலைபெற்றது. அக்குரலை வழிநடத்தியவர் குரு அல்லர், உடன்கிறித்தவர். தனியொருவர் தம் குற்றத்தைத் தனியே சொல்லித் தீர்வு பெறும் முறை பின்னரே வந்தது. அது வந்தபோது மொழி ஒரு தடையாக நின்றது.

2. மொழிபெயர்ப்பாளர் முன் சொல்லப்பட்ட பாவம்

1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் குருவிடம் பாவங்களைச் சொல்ல வேண்டும் என விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையும் வகுத்தது. 1551-இல் திரிதெந்து சங்கம், சாவான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணும் தோன்றச் சொல்லுதல் வேண்டும் என்பதை உறுதிப்படுத்தியது. ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்வது இவ்விதிக்குப் போதாது. எதைச் செய்தேன், எத்தனை முறை செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

தமிழ் அறியாத குருவிடம் தமிழ் மட்டும் அறிந்த பரதவர் இதனை எவ்வாறு சொல்வது? இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். அவர் பெரும்பாலும் அதே கடற்கரையைச் சேர்ந்தவர். குற்றம் சொல்பவரின் உறவுகளையும் கடன்களையும் பகைகளையும் அறிந்தவர். குருவின் காதில் விழுமுன் குற்றம் அயலாரின் காதில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. ஆயினும் சட்டம் விதிக்கும் கடமை வேறு. சிற்றூரில் ஒருவர் மனத்தில் எழும் அச்சம் வேறு. தனிப்பட்ட வெட்கத்திற்குரிய குற்றங்களை இத்தகைய சூழலில் மனந்திறந்து சொல்லியிருப்பர் என எதிர்பார்ப்பது கடினம்.

இத்தடையை நேரில் கண்டவர் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் அறியப்படும் இவர் 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையில் பணியேற்றார். மொழிபெயர்ப்பாளரின்றித் தாமே மக்களுடன் பேசத் தொடங்கியதை 1548-இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவிக்கிறார். போர்த்துக்கீசியருக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் வகுத்தார். இவருடைய தமிழ்ப் பணியை மறைபரப்பின் கருவி என்று மட்டும் காண்பது வழக்கம். ஒருவர் தம் குற்றத்தை மூன்றாமவர் அறியாமல் சொல்லும் வாய்ப்பையும் அப்பணி உருவாக்கியது என்பது உடன் கருதத்தக்கது. தமிழ் கற்ற குரு வந்தபோது மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்திலிருந்து விலக நேர்ந்தது.

3. கொம்பெசியொனாயரு (1580)

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’மும் 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்க’மும் அச்சாயின. அவற்றைத் தொடர்ந்து 1580-இல் கொச்சியில் ‘கொம்பெசியொனாயரு’ வெளிவந்தது. இதன் படி ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. புனிதர் வரலாறுகளைக் கூறும் ‘புளோசு சாங்தோரும்’ 1586-இல் வெளியாயிற்று. எட்டாண்டுகளில் வெளிவந்த இந்நான்கு நூல்களின் வரிசை கருதத்தக்கது: முதலில் மன்றாட்டு, பின்னர் வினாவிடையாக அமைந்த மறைக்கல்வி, அதன்பின் பாவ அறிக்கை, இறுதியில் முன்மாதிரிகளின் வரலாறு. புனிதர் வரலாற்றிற்கு முன்பே பாவ அறிக்கைக்கு ஒரு நூல் தேவைப்பட்டது.

பாவ அறிக்கைக் கையேடு என்பது ஐரோப்பாவில் நெடுநாள் வழங்கிய நூல்வகை. பத்துக் கட்டளைகளின் வரிசையில் வினாக்களை அடுக்குவது அதன் பொது அமைப்பு. களவைப் பற்றிய கட்டளையின் கீழ் கள்ள அளவு, வட்டி, கூலியை மறுத்தல், பிறர் பொருளைத் திருப்பித் தராமை முதலியன இடம்பெறும். இவ்வகை நூல் தமிழில் அச்சானபோது அதன் பயன் இருமடங்காயிற்று. கேட்கும் குருவுக்கு அது தமிழ் வினாக்களைத் தந்தது. சொல்பவருக்குத் தம் வாழ்வைக் கட்டளைவாரியாகத் திரும்பிப் பார்க்கும் முறையைத் தந்தது. எழுத்தறிந்த ஒருவர் எழுத்தறியாத பலருக்கு அதைப் படித்துக்காட்டவும் இயன்றது.

இங்கு ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பாளர் குற்றம் சொல்லப்படும் நேரத்தில் உடனிருந்தார். நூலைப் படித்துக்காட்டும் உடன்கிறித்தவரோ அதற்கு முந்திய நேரத்தில் மட்டும் உடனிருக்கிறார். என்னென்ன குற்றங்கள் உண்டு என்று அவர் சொல்லித்தருகிறார்; எது தம் குற்றம் என்பதைக் கேட்பவர் தம் மனத்துள் தேர்ந்துகொள்கிறார். துணையும் இரகசியமும் ஒன்றையொன்று அழிக்காமல் நிலைபெற அச்சுநூல் இவ்வாறு வழிசெய்தது.

மன்னிப்பு என்பது மனத்தின் நிகழ்வு மட்டுமன்று என்பதையும் இந்நூல்வகை உணர்த்தியது. பறித்த பொருளைத் திருப்பித் தராமல் பறித்த குற்றம் தீராது என்பது அக்கால ஒழுக்கநூல்களின் உறுதியான கொள்கை. கடனும் முன்பணமும் வாழ்வை இறுக்கிய முத்துக்குளிப்புத் தொழிலில் இக்கொள்கை எளியவருக்கு ஆதரவாகவும், பொருள் படைத்தவருக்குச் சுமையாகவும் அமையக்கூடியது.

4. சொல்மாற்றம்: கொம்பெசியானிலிருந்து பாவசங்கீர்த்தனத்திற்கு

ஹென்ரிக்கஸ் பல கலைச்சொற்களைப் போர்த்துக்கீசிய ஒலியுடனேயே தமிழெழுத்தில் எழுதினார். நூலின் பெயரே அதற்குச் சான்று. திருவருட்சாதனத்தின் தனித்தன்மை மொழிபெயர்ப்பில் சிதைந்துவிடும் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணமாகலாம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியும் அவர் வழிவந்தோரும் வேறு வழியை மேற்கொண்டனர். அவர்கள் காலத்தில் வடமொழிச் சார்பான கலைச்சொற்கள் பெருகின. ‘பாவசங்கீர்த்தனம்’, ‘மனஸ்தாபம்’, ‘பிரதிக்கினை’, ‘உத்தரிப்பு’ என்பன தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கில் வேரூன்றிய சொற்கள்.

இவற்றுள் ‘சங்கீர்த்தனம்’ ஆராயத்தக்கது. இறைவனின் பெயரையும் புகழையும் வாய்விட்டுச் சொல்லுதல் என்பதே வைணவ மரபில் அச்சொல்லுக்குரிய பொருள். புகழுக்குரிய சொல் இங்குப் பாவத்துடன் சேர்ந்தது. மறைத்து வைப்பதே இயல்பான ஒன்றை வாய்விட்டுச் சொல்லும்போது அதுவும் ஒருவகை வழிபாடாகிறது என்னும் கருத்துக்கு இச்சேர்க்கை இடமளிக்கிறது. இலத்தீன் மூலச்சொல்லுக்கும் பாவத்தை ஏற்றுக்கொள்ளுதல், இறைவனைப் புகழ்தல் என இருபொருள் உண்டு. அகுஸ்தினாரின் புகழ்பெற்ற தன்வரலாற்று நூலின் தலைப்பில் இவ்விருபொருளும் செயற்படுவதை அறிஞர் சுட்டுவர். பாவசங்கீர்த்தனம் என்னும் தமிழ் வழக்கு அவ்விருமையைத் தன்னளவில் காத்துக்கொண்டது எனலாம்.

மனஸ்தாபம் என்னும் சொல் இன்றைய பேச்சுத் தமிழில் இருவருக்கிடையே ஏற்படும் கசப்பைக் குறிக்கிறது. சமய வழக்கில் அது ஒருவர் தம் குற்றத்திற்காகத் தாமே கொள்ளும் மனவேதனை. குற்றம் பிறரிடம் இருப்பதாக எண்ணும்போதும் தம்மிடம் இருப்பதாக உணரும்போதும் ஒரே சொல் பயன்படுவது, உறவின் முறிவும் பாவமும் தமிழ்ச் சிந்தனையில் அணுக்கமாக நிற்பதைக் காட்டுகிறது.

5. வேதியரும் உத்தம மனஸ்தாபமும்

மதுரை மறைப்பணித்தளம் பரப்பில் பெரிது. குருக்களோ மிகச் சிலர். ஓரூரார் குருவைக் காண மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. போரும் பஞ்சமும் சிற்றரசர்களின் பகையும் குருவின் வருகையை மேலும் தள்ளிப்போட்டன. இந்த இடைவெளியை நிரப்பியவர் வேதியர் அல்லது உபதேசியார். பிராமணரைக் குறித்து வழங்கிய ‘வேதியர்’ என்னும் சொல் இங்கு மறையைப் போதிக்கும் பொதுநிலையினரைக் குறிக்கலாயிற்று.

1711-இல் மதுரைப் பணித்தளத்தில் சேர்ந்த வீரமாமுனிவர், ‘தேம்பாவணி’யை இயற்றியதற்கு அடுத்த ஆண்டான 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை எழுதினார். பெருங்காப்பியம் பாடிய புலவர், அடுத்துத் தம் கவனத்தை ஊர்ஊராகச் செல்லும் போதகர்களிடம் திருப்பினார். போதகரின் கடமைகளுடன் அவருடைய சொந்த ஆன்மாவின் நலத்தையும் இந்நூல் முதன்மைப்படுத்துகிறது. பிறருக்கு வழிகாட்டுபவர் தாம் வழிதவறலாகாது என்பது அதன் அடிப்படை. கற்றறிந்த திறமையினும் ஒழுக்கமே துணைநிற்பவருக்கு வேண்டிய முதல் தகுதி என்பதை நூலின் பெயரே உணர்த்துகிறது.

குரு வருமுன் மக்களை ஆயத்தப்படுத்துவது வேதியரின் பணி. ஆன்ம சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை ஆகிய மூன்றும் குருவை அடையுமுன் நிகழ வேண்டியவை. பாவங்களைச் சொல்லுதலும் குருவிடம் நிகழ்வது. அவர் விதிக்கும் உத்தரிப்பு அதன்பின் தொடர்வது. நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய இவ்வைந்தனுள் முதல் மூன்றிலும் உடன்கிறித்தவரின் துணைக்கு இடமுண்டு. பகைத்திருப்போரை இணக்குவித்தலும் இந்த ஆயத்தத்தின் பகுதியாயிற்று.

மரணப்படுக்கையில் இத்துணை இன்னும் கூர்மை பெற்றது. குரு வந்துசேர இயலாத நிலையில் இறப்பவரின் கதி என்ன என்பது குடும்பத்தாரை வாட்டிய வினா. இறைவன் மீதுள்ள அன்பினால் எழும் முழுமையான மனவேதனை, பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்துடன் கூடியதாயின், குருவை அடையுமுன்னரே ஆன்மாவை இறைவனோடு இணைக்கும் எனத் திரிதெந்து சங்கம் கற்பித்திருந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இதனை உத்தம மனஸ்தாபம் என்றனர். நரக பயத்தால் மட்டும் எழும் மனவேதனை அதனின் வேறானது. இறப்பவரின் அருகிலிருந்து உத்தம மனஸ்தாப மன்றாட்டைச் சொல்லிக்கொடுப்பவர் மன்னிப்பை வழங்கவில்லை. ஆனால் அச்சத்திலிருந்து அன்பிற்கு இறப்பவரின் மனத்தைத் திருப்ப முயல்கிறார்.

இயேசு சபையின் தொடக்கத்திலும் இத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு. 1521-இல் பம்பலோனா கோட்டைப் போரின்போது, குரு இல்லாத நிலையில், இஞ்ஞாசியார் தம் படைத்தோழர் ஒருவரிடம் பாவங்களைச் சொன்னதாக அவருடைய தன்வரலாறு கூறுகிறது. பொதுநிலையினரிடம் சொல்லும் இவ்வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் அறியப்பட்டதே. தமிழகத்து வேதியரின் துணையை விதிவிலக்கான ஏற்பாடாக மட்டும் கருதாமல், இந்நெடிய மரபின் தொடர்ச்சியாகவும் காண இது இடந்தருகிறது.

6. சீர்திருத்தச் சபைகளின் ‘பாவ அறிக்கை’

1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு வழியாக லூத்தரன் மரபு தமிழகத்தில் வேர்கொண்டது. மன்னிப்புக்குரிய பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிய கத்தோலிக்கக் கொள்கையை இம்மரபு ஏற்கவில்லை. எனினும் திருவிருந்திற்கு முன் பாவத்தை உணர்ந்து ஆயத்தப்படுதலை அது கைவிடவில்லை. இங்கு நிலைபெற்ற சொல் ‘பாவ அறிக்கை’. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுமாறு யாக்கோபு எழுதிய திருமுகம் கூறும் அறிவுரை இம்மரபில் தனி அழுத்தம் பெற்றது. கோட்பாட்டளவில் இங்கு ஒவ்வோர் உடன்விசுவாசியும் துணைவராகலாம்.

நடைமுறையில் இப்பொறுப்பின் பெரும்பகுதியைத் தமிழ் உபதேசியார்களே ஏற்றனர். அவர்களுள் ஒருவரான ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்று, தமிழ் லூத்தரன் திருச்சபையின் முதல் நாட்டையராயினார். கொள்கையில் வேறுபட்ட இருசபைகளும் நோயாளியின் பாயருகே அனுப்பியவர் ஒரே வகையினர்: அதே மொழி பேசும், அதே ஊர் வாழ்வை அறிந்த உடன்கிறித்தவர்.

7. கொங்குநாடும் தவறியோரின் திரும்புகையும்

கொங்குநாட்டில் கிறித்தவம் மதுரைப் பணித்தளத்தின் விரிவாகப் பதினேழாம் நூற்றாண்டில் வந்தது. கருமத்தம்பட்டி அதன் பழைய மையங்களுள் ஒன்று. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது குருக்களின் எண்ணிக்கை மேலும் சுருங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மைசூர் ஆட்சிப்பகுதிக் கிறித்தவர் பெரும் நெருக்கடியைச் சந்தித்தனர். 1784-இல் கனராக் கடற்கரைக் கத்தோலிக்கர் பெருந்தொகையினர் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் மதம் மாற்றப்பட்டனர். இதன் அரசியற் காரணங்களைப் பற்றி வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறிய கிறித்தவச் சமூகத்தை மீண்டும் ஒழுங்குபடுத்தப் பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையின் அபே துபுவா அழைக்கப்பட்டார்.

திரும்பி வந்தோரின் குற்றவுணர்வு தனிமனிதக் குற்றத்தினின்றும் வேறானது. ஒரு சமூகமே தவறியதாகக் கருதப்பட்ட நிலையில் யார் யாரை மன்னிப்பது? கி.பி. 250-இல் தீசியுசு பேரரசரின் ஆணைக்கு அஞ்சிப் பலியிட்ட வட ஆப்பிரிக்கக் கிறித்தவர்களிடமும் இவ்வினா எழுந்தது. துன்பத்தைத் தாங்கிச் சிறையிலிருந்த உடன்கிறித்தவர்கள், தவறியோருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தனர். கார்த்தேசு ஆயர் சிப்பிரியான் அக்கடிதங்களை மதித்தார். ஆயினும் முடிவு ஆயர்களுக்கே உரியது என்றார். மன்னிப்பின் அதிகாரத்திற்கும் மன்னிப்புக்காகப் பரிந்துரைக்கும் உடன்கிறித்தவரின் அன்பிற்கும் இடையிலான இழுபறி அன்றே தொடங்கிவிட்டது. துபுவாவோ 1823-இல் இலண்டனில் வெளியிட்ட கடிதங்களில், எதிர்ப்பின்றி இணங்கியோரைக் கடுமையாகக் குறைகூறுகிறார். தவறியோரைத் திருப்பிச் சேர்த்த கையே அவர்களின் தவற்றை நிலையான எழுத்தில் பதித்தும் வைத்தது. மன்னிப்பு அளிக்கப்பட்ட பின்னரும் வெட்கம் நீடிப்பதற்கு இது ஒரு சான்று.

8. ‘ஒப்புரவு’ என்னும் சொல்லும் அருள்புரமும்

நானூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கத்தோலிக்கர் குற்றத்தைத் தமிழில் சொன்னார்கள்; மன்னிப்பின் வாய்பாட்டை இலத்தீனில் கேட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்தே மன்னிப்பும் தமிழில் ஒலித்தது. 1973-இல் திருத்தப்பட்ட சடங்குமுறை வெளியானபின் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்னும் வழக்கு பரவியது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. அங்கு அச்சொல் உலக நடையறிந்து பிறருக்கு உதவுதலைக் குறிக்கும். சீர்திருத்தச் சபையினரின் விவிலிய மொழிபெயர்ப்பில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், இறைவனோடு இணக்கமாதலை அது குறித்தது. குற்றத்தைச் சொல்லுதலிலிருந்து உறவைச் சீராக்குதலுக்குப் பொருளின் மையம் நகர்ந்தது. சொல்லுதல் தனியொருவரின் செயல். ஒப்புரவுக்கு இன்னொருவர் வேண்டும்.

பழைய வினா இன்று வேறிடத்தில் திரும்பி வந்துள்ளது. திருப்பூர் – பல்லடம் சாலையில் அமைந்த அருள்புரம், பின்னலாடைத் தொழிலை நம்பிப் பல மாநிலங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறும் பகுதி. சார்க்கண்டு, ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து திருப்பூர் வட்டாரத்திற்கு வரும் தொழிலாளருள் கிறித்தவரும் உளர். அவர்களுடைய மனத்தின் மொழி தமிழன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். மொழி அறியாத அயலாராக அன்று குரு இருந்தார், இன்று குற்றம் சொல்பவர் இருக்கிறார். 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவ அறிக்கை செய்வதை அனுமதிக்கிறது. இரகசியம் காக்கும் கடமையை அவர்மீதும் சுமத்துகிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர் அதே விடுதி அறையில் தங்குபவராகவும், அதே தையல் வரிசையில் வேலை செய்பவராகவும் இருக்கக்கூடும். 1548-இல் ஹென்ரிக்கஸ் மொழி கற்றுக் கடக்க முயன்ற தடை இதுவே.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழகத்தில் மன்னிப்பின் வரலாறு குருக்களின் வரலாறு மட்டுமன்று. கணக்கப்பிள்ளை முதல் உபதேசியார் வரை பொதுநிலையினர் அதில் இன்றியமையாத இடம் பெற்றனர். இரண்டாவது, அவர்களின் துணை பயனளிப்பதற்கு ஓர் எல்லை தேவைப்பட்டது. குற்றத்தைக் கேட்டறியும் இடத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளரினும், குற்றத்தை அவரவரே கண்டறியக் கற்பித்து விலகிய வேதியரே குற்றவுணர்வு கொண்டவரின் மதிப்பைக் காத்தார். மூன்றாவது, கொம்பெசியான், பாவசங்கீர்த்தனம், பாவ அறிக்கை, ஒப்புரவு என்னும் சொற்கள் ஒரே பொருளின் மாற்றுப்பெயர்கள் அல்ல. துணைநிற்றல் என்றால் என்ன என்பதைப் பற்றி அந்தந்தக் காலத்தவர் கொண்டிருந்த புரிதலை அவை தனித்தனியே பதிந்து வைத்துள்ளன.

இப்புரிதலுடன் ‘கொம்பெசியொனாயரு’வை அணுகும்போது, அது அச்சுக்கலையின் அரும்பொருளாக மட்டும் நிற்பதில்லை. தம் குற்றத்தைத் தம் மொழியில், அயலார் கேளாமல் சொல்ல விரும்பிய மக்களின் தேவைக்கு 1580-இல் அச்சான விடையாகவும் அது விளங்குகிறது.